வராத பாக்கியும் வசூல் முகவரும்: கோலாலம்பூர் வணிகர் எந்த வழியைத் தேர்வது?

செகாம்புட்டில் ஒரு மளிகை மொத்தக் கிடங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரிக்பீல்ட்ஸில் இரண்டு கிளைகள் நடத்தும் ஓர் உணவக நிறுவனத்துக்கு 30 நாள் தவணையில் அங்கிருந்து அரிசியும் பருப்பும் எண்ணெயும் போகின்றன. நான்கு மாதமாகப் பணம் வரவில்லை. பாக்கி 42,000 ரிங்கிட்டைத் தொட்டுவிட்டது. கணக்கர், ‘வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிவிடலாம்’ என்கிறார். மைத்துனர், கடன் வசூல் நிறுவனம் ஒன்றின் பெயரட்டையை நீட்டி, ‘வசூலானால்தான் கமிஷன், வராவிட்டால் ஒரு சென்கூடக் கொடுக்க வேண்டாம், மச்சான்’ என்கிறார். மனைவியோ, ‘நாளைக்கு ஒரு கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டியவர்கள், முதலில் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்’ என்கிறார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரின் மொத்த வணிகர்களிடம் கணக்குப் பார்த்து வந்தவன் என்ற முறையில், இந்த மூன்று யோசனைகளும் வெற்றி பெற்றதையும் பார்த்திருக்கிறேன், மூன்றும் வீணானதையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான வணிகர்கள் பாக்கித் தொகையின் அளவைப் பார்த்தோ, அன்றைய கோபத்தின் அளவைப் பார்த்தோ வழியைத் தேர்ந்துகொள்கிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி, கடனாளி ஏன் பணம் கொடுக்கவில்லை என்பதே. கையில் பணம் இருந்தும் நம்மைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறாரா, உண்மையிலேயே பணம் இல்லாமல் தவிக்கிறாரா, அல்லது சரக்கிலோ கணக்கிலோ குறை இருப்பதாகச் சொல்லி மறுக்கிறாரா? கடன் வசூல் நிறுவனம் முதல் வகைக்கு மட்டுமே பொருத்தமான கருவி. மற்ற இரண்டு வகையிலும் அது நமக்குச் செலவையோ சங்கடத்தையோதான் கொண்டுவரும் என்பதே என் தீர்மானமான கருத்து. இந்தக் கட்டுரை அதற்கான காரணங்களைத்தான் சொல்கிறது.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்-இல் சிறு கட்டணம் செலுத்தி, நமக்குப் பணம் தர வேண்டியவர் சட்டப்படி யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் பல நேரங்களில் வேறு வேறாக இருக்கும். தனி உரிமையாளரின் ‘எண்டர்பிரைஸ்’ என்றால் அந்தக் கடன் அவருடைய சொந்தக் கடன். அவருடைய சொந்தச் சொத்துக்கும் அது பொருந்தும். ‘செண்டிரியான் பெர்ஹாட்’, அதாவது பிரைவேட் லிமிடெட், என்றால் கடன்பட்டது கம்பெனி. இயக்குநர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலன்றி, அவருடைய வீட்டையும் காரையும் பொதுவாக நம்மால் தொட முடியாது. கம்பெனி ஏற்கனவே கலைக்கப்படும் நிலையில் இருக்கிறதா, அதன் சொத்துகள் வங்கியிடம் அடமானத்தில் இருக்கின்றனவா என்பதும் அந்தப் பதிவில் தெரியும். வெறும் கூட்டைத் துரத்துகிறோமா, உயிருள்ள வியாபாரத்தைத் துரத்துகிறோமா என்பதை இந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

அடுத்து நம் சொந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இன்வாய்ஸ் இருக்கும், அது நாம் எழுதியது, அதற்குத் தனியாக அவ்வளவு வலு இல்லை. வாடிக்கையாளர் கம்பெனியின் சாப் (முத்திரை) குத்தி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட டி.ஓ. என்னும் சரக்கு ஒப்படைப்புச் சீட்டு இருக்கிறதா? மாதந்தோறும் அனுப்பிய கணக்கு விவரத்துக்கு அவர் மறுப்புச் சொல்லாமல் இருந்தாரா? ‘அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன் அண்ணே’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாரா? முகவரும் வழக்கறிஞரும் நீதிமன்றமும் ஒரே தாள்களைத்தான் கேட்கப் போகிறார்கள். ஒரு காலத்தில் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள், பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே நில கிராண்டை (உரிமைப் பத்திரத்தை) அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் நாம் அப்படி எதையும் வாங்குவதில்லை. சாப் குத்திய அந்தச் சீட்டு ஒன்றுதான் நம் கையில் இருக்கும் கிராண்ட்.

இப்போது வசூல் நிறுவனத்துக்கு வருவோம். கடிதம், தொலைபேசி அழைப்பு, நேரில் செல்வது, இடம் மாறிப்போனவரைத் தேடிக் கண்டுபிடிப்பது, தவணை பேசுவது ஆகியவையே அதன் வேலை. இவை எல்லாவற்றையும் நாமே செய்யலாம். ஆனால் விடாமல் செய்யமாட்டோம். கிடங்கு உரிமையாளர் வாரத்துக்கு ஒரு முறை நினைவு வந்தால் அழைப்பார், ‘பாஸ் ஊரில் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார். முகவருக்கு அது முழுநேரத் தொழில். கொடுக்கப் பணம் வைத்திருந்தும் நம்மைக் கடைசியில் வைத்தவரிடம் இந்த விடாமுயற்சி உண்மையாகவே பலன் தருகிறது. எந்தச் சப்ளையர் அதிகமாகத் தொந்தரவு செய்கிறாரோ அவருக்கு முதலில் கொடுப்பது நெருக்கடியில் இருக்கும் கடைக்காரரின் இயல்பு. அதோடு, கேட்பவர் நாமல்ல, மூன்றாம் மனிதர் என்பதால், நமக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் நேரடியாகச் சொல் தடிப்பதில்லை.

ஆனால் முகவரின் கைக்கு எட்டாத எல்லைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரால் யாருடைய பொருளையும் எடுக்க முடியாது, வங்கிக் கணக்கை முடக்க முடியாது, கடையைப் பூட்ட முடியாது. அந்த அதிகாரமெல்லாம் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்ற ஊழியருக்கு வருவது. 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வழக்கறிஞர் அல்லாத ஒருவர் இன்னொருவருக்காக, வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டிக் கடிதம் எழுதுவதே குற்றம், இந்த விவகாரம் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்படும் என்று தெரிவிப்பதோடு அவர் நின்றுகொள்ள வேண்டும். நீதிமன்ற அழைப்பாணையைப் போலவே சிவப்பு எழுத்தும் முத்திரையுமாகக் கடிதம் தயாரிக்கும் நிறுவனம் தன் ‘மாதிரி’யை நம்மிடம் காட்டினால், அதை அதன் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல் அங்கேயே எழுந்து வந்துவிடுவது நல்லது.

முறைகேடு நடந்தால் அதன் கறை நம்மீதும் படியும். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றும் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக் கும்பல்களின் வேலையைப் பார்த்துப் பழகிய ஊர் இது. அதனால் ‘வசூல்காரன் வந்தான்’ என்ற சொல்லுக்கே இங்கு ஓர் அச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிரட்டுவது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். இயக்குநரின் வீட்டு முகவரியையும் அடையாள அட்டை எண்ணையும் கண்டபடி பரப்பினால் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். படத்தைப் போட்டுச் சமூக ஊடகத்தில் ‘ஏமாற்றுக்காரர்’ என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். முகவர் நம் பெயரில் போகிறவர் என்பதால், எங்களுக்குத் தெரியாது என்று கைகழுவுவது எளிதல்ல. இத்தொழிலைத் தொடங்க நெடுங்காலமாக வணிகப் பதிவு ஒன்றே போதுமானதாக இருந்தது. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் வசூல் நிறுவனங்களையும் உரிம வரம்புக்குள் கொண்டுவருகிறது என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் மாற்றம். ஆயினும் அச்சட்டத்தின் கண் முதன்மையாகப் பயனீட்டாளர் கடன்மீதே இருக்கிறது. இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான சரக்குப் பாக்கியில் முகவரின் நடத்தைக்கு நாமே காவல் இருக்க வேண்டும்.

ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டோம். 18,000 ரிங்கிட் பாக்கி வைத்திருந்த ஓர் உணவகத்தின் கோப்பை ஒரு வசூல் நிறுவனத்திடம் கொடுத்தோம். அந்த உணவகக்காரர் பணம் தராததற்குக் காரணம், இரண்டு முறை அனுப்பிய அரிசி மூட்டைகளில் வண்டு இருந்ததாக அவர் செய்த புகாருக்கு எங்கள் விற்பனையாளர் பதிலே சொல்லவில்லை என்பது. அந்தப் புகார் எங்கள் கோப்பில் இல்லை. முகவர்கள் இருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போய், வாழையிலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் காதில் விழும்படி பணம் கேட்டார்கள். அவர் அன்று மாலையே 11,000 ரிங்கிட்டை அனுப்பிவிட்டு, மீதிக்கு வண்டு விழுந்த அரிசியின் படங்களையும் பழைய கடிதத்தின் நகலையும் அனுப்பினார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. அந்த 11,000-இல் கமிஷன் போனது. பன்னிரண்டு ஆண்டு வாடிக்கையாளரும் போனார். குறை சொல்லி மறுக்கப்படும் பாக்கியை முகவரிடம் கொடுக்கக் கூடாது என்று நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு அந்த மதியம்தான் காரணம். அவருக்குக் கோப்பில் உள்ள எண் மட்டுமே தெரியும். சரக்கின் தரத்தைப் பற்றிப் பேசித் தீர்க்க அவரால் முடியாது.

கமிஷன் கணக்கையும் கவனமாகப் பார்க்க வேண்டும். நம் கற்பனைக் கிடங்கின் 42,000 ரிங்கிட்டுக்கு 20 விழுக்காடு கமிஷன் பேசியதாக வைத்துக்கொண்டால், முழுத் தொகையும் வந்தாலும் கையில் நிற்பது 33,600. மளிகை மொத்த வியாபாரத்தில் நிற்கும் லாப விகிதத்தை எண்ணிப் பார்த்தால், இந்த 8,400 ரிங்கிட்டை ஈடுசெய்ய எத்தனை லாரிச் சரக்கு விற்க வேண்டியிருக்கும் என்பது உரிமையாளருக்கே தெரியும். முகவர் ‘30,000-க்குப் பேசி முடித்துவிட்டேன்’ என்று வந்தால், கையில் நிற்பது 24,000 மட்டுமே. விரைவில் முடிந்தால் முகவருக்கு லாபம், முழுதாக வந்தால் நமக்கு லாபம். இருவர் நோக்கமும் எப்போதும் ஒன்றல்ல.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பு, நம் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தொகையைக் குறைக்க முகவருக்கு உரிமை இல்லை என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடனாளி நமக்கே நேரடியாகச் செலுத்தினாலும் கமிஷன் உண்டா, எத்தனை மாதம் கோப்பு அவர்களிடமே கட்டுண்டு கிடக்கும், இடையில் திரும்பப் பெற்றால் கட்டணம் உண்டா, ‘நிர்வாகச் செலவு’ என்று முன்பணம் கேட்கிறார்களா என்பவை அடுத்தவை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடனாளி செலுத்தும் பணம் யாருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பது. நம் கணக்குக்கே வர வேண்டும் என்று வலியுறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு இணங்காத நிறுவனத்தோடு நான் எந்தக் கோப்பையும் பகிர்ந்துகொள்ள மாட்டேன்.

வழக்கறிஞர் வழி இதற்கு நேர்மாறான கூலிமுறையில் நடக்கிறது. வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, வென்றால்தான் கூலி என்ற உடன்பாட்டைத் தடுக்கிறது. ஆகவே வெற்றியோ தோல்வியோ அவருக்குரிய கட்டணத்தை நாம் கொடுத்தாக வேண்டும். மைத்துனரின் பெயரட்டை கவர்ச்சியாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆனால் கட்டணம் பாக்கித் தொகையின் விகிதத்தில் தானாக ஏறுவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு கோரிக்கை நோட்டீஸ் பொதுவாகச் சில நூறு ரிங்கிட்டில் முடிந்துவிடும். அது 8,000 ரிங்கிட் பாக்கிக்கும் 80,000 ரிங்கிட் பாக்கிக்கும் ஏறத்தாழ ஒரே வேலைதான். வழக்கறிஞரின் கடிதத் தலைப்பைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துப் பேசும் கடனாளிகள் ஏராளம், ஏனென்றால் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒரு வழக்கு வர முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். முகவரின் கடிதத்துக்குப் பின்னால் வருவது இன்னொரு கடிதம்.

வழக்கு என்றதும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். மறுப்பு உள்ள வழக்கு இழுக்கத்தான் செய்யும். சரக்கின் தரம், விலை, அளவு என்று ஒவ்வொன்றுக்கும் சாட்சி வேண்டும். ஆனால் சாப் குத்திய டி.ஓ. உள்ள, மறுக்க ஒன்றுமில்லாத பாக்கியில் நிலைமை வேறு. 100,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், 10 லட்சம் ரிங்கிட் வரையிலானவை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உரியவை. அதற்கு மேல் உயர்நீதிமன்றம். தலைநகரில் இவை எல்லாமே ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவுக்குள் வழக்கு ஆவணம் ஒப்படைக்கப்பட்ட 14 நாள்களுக்குள் பிரதிவாதி முன்னிலையாகப் பதிவு செய்யாவிட்டால், விசாரணை இன்றியே தீர்ப்புக் கேட்கலாம். அவர் முன்னிலையாகி, ஆனால் சொல்லத்தக்க எதிர்வாதம் எதுவும் இல்லாமல் காலம் கடத்தினால், முழு விசாரணைக்குப் போகாமல் சுருக்கமாகத் தீர்ப்புக் கேட்கவும் 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் வழி இருக்கிறது. வென்றவருக்குச் செலவுத் தொகையும், தீர்ப்புக்குப் பிறகு பணம் வந்து சேரும்வரை பொதுவாக ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியும் கிடைக்கும். முகவருக்குக் கொடுத்த கமிஷனோ, அதைக் கடனாளியே ஏற்க வேண்டும் என்று நம் விற்பனை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலன்றி, பெரும்பாலும் போனது போனதுதான்.

தீர்ப்பு என்பது பணம் அல்ல என்று சொல்வார்கள். அது சரிதான், ஆனால் தீர்ப்பு ஒரு சாவிக்கொத்து. ஜப்தி ஆணை பெற்று, நீதிமன்ற ஊழியரான பெய்லிஃபோடு கடைக்குப் போய்ச் சமையல் சாதனங்களையும் குளிர்பதனப் பெட்டிகளையும் பட்டியலிடலாம். கடனாளியின் பணம் எந்த வங்கியில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பணத்தை நம் பக்கம் திருப்பும் கார்னிஷி உத்தரவு கேட்கலாம். அவர் கொடுத்த பழைய காசோலைகளின் நகலை எடுத்து வைத்திருப்பவருக்கு அந்த வங்கிக் கணக்கின் எண் கையிலேயே இருக்கும். கடனாளியை நீதிமன்றத்துக்கு அழைத்து வருமானத்தையும் சொத்தையும் விசாரித்துத் தவணை விதிக்கச் செய்யலாம். தீர்ப்பு 12 ஆண்டு உயிரோடு இருக்கும். இன்று பணமில்லாதவருக்கு நாளை பணம் வரலாம். முகவரின் ஒப்பந்தம் அதற்குள் முடிந்து போயிருக்கும்.

கடன்பட்டது கம்பெனியாக இருந்து, தொகை 50,000 ரிங்கிட்டுக்கு மேல் இருந்தால், சிலர் வழக்கையே தாண்டி 2016-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 466-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பச் சொல்வார்கள். 21 நாள்களுக்குள் பணமோ ஏற்கத்தக்க ஏற்பாடோ வராவிட்டால், கம்பெனி கடனடைக்கும் திறனற்றது என்று கருதப்பட்டு, அதைக் கலைக்கும்படி ஆறு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் மனு போடலாம். கோவிட் காலத்துக்கு முன்பு இந்த வரம்பு 10,000 ரிங்கிட்டாக இருந்தது; அன்று கேட்ட கதையை வைத்து இன்றும் சிறு பாக்கிக்கு இந்த நோட்டீஸை அனுப்ப நினைப்பவர்கள் உண்டு. இது வலிமையான ஆயுதம் என்பதில் ஐயமில்லை; வங்கிக் கடன் வாங்கி நடத்தும் கம்பெனிக்கு இந்த மனுவே பேரிடி. ஆனால் கம்பெனி உண்மையிலேயே கலைந்துவிட்டால், அடமானம் வைத்திருக்கும் வங்கியும் சட்டம் முன்னுரிமை தரும் சம்பள பாக்கி முதலியவையும் போக மிஞ்சியதை மற்றக் கடன்காரர்களோடு சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளும் கூட்டத்தில்தான் நாம் நிற்போம். நியாயமான மறுப்பு உள்ள கடனுக்கு இதைப் பயன்படுத்தினால், கம்பெனி நீதிமன்றத் தடை வாங்கி, செலவையும் நம் தலையில் கட்டிவிடும். நிலைத்து நிற்கும், பணமுள்ள, மறுப்புக்கு வழியில்லாத கம்பெனியிடம் மட்டுமே இதை ஓங்க வேண்டும். தனிநபரைத் திவாலாக்கும் மனுவுக்கு இன்றைய வரம்பு 100,000 ரிங்கிட் என்பதால், பெரும்பாலான சிறு வணிகப் பாக்கிகளுக்கு அது எட்டாத வழி.

கட்டுமானத் துறையில் இருக்கும் துணைக் குத்தகையாளருக்கு, வயரிங், பூச்சு, லாரி வாடகை என்று எந்த வேலையானாலும், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் முகவரை நினைக்கவே வேண்டாம் என்பேன். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானத் துறைப் பணம் செலுத்தல், தீர்ப்பாயச் சட்டம் அவர்களுக்காகவே வந்தது. முதலில் கோரிக்கை அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 10 வேலை நாள். பிறகு, ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையம் நியமிக்கும் தீர்ப்பாளர், ஆவணங்கள் முழுமையான பின் 45 வேலை நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மேல் குத்தகைக்காரர் தமக்கே பணம் வரவில்லை என்று சொல்லித் தள்ளிப்போடும் நிபந்தனையை அந்தச் சட்டம் செல்லாததாக்கியிருக்கிறது. நம் சமூகத்தில் எத்தனையோ சிறு குத்தகையாளர்கள் இது தெரியாமலே ‘மேலே இருந்து வந்ததும் தருகிறேன்’ என்ற சொல்லை நம்பித் தொழிலை மூடியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பாக்கிக்கு, வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தும் சிறு கோரிக்கை முறை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உண்டு. ஆனால் அதில் வாதியாக நிற்பவர் தனிநபராக இருக்க வேண்டும், கம்பெனி போக முடியாது. இந்த இடத்தில்தான் வசூல் நிறுவனத்தின் உண்மையான பயன் தெரிகிறது. ஒரு கம்பெனிக்கு 15 கடைகளில் தலா 1,800 ரிங்கிட் வீதம் பாக்கி கிடக்கிறது, மொத்தம் 27,000 என்றால், ஒவ்வொன்றுக்கும் வழக்குப் போடுவது கட்டுப்படியாகாது. நம் ஊழியர் ஒருவரை அதற்கே ஒதுக்குவதும் நடக்காது. சில கடைகள் இடம் மாறியிருக்கும், சில உரிமையாளர் மாறியிருக்கும். சிதறிக் கிடக்கும் இத்தகைய சில்லறைப் பாக்கிகளைக் கட்டாக ஒரு நேர்மையான முகவரிடம் கொடுத்து, வந்த வரைக்கும் லாபம் என்று கமிஷனைக் கொடுப்பது புத்திசாலித்தனம். கடனாளி ஜொகூரிலோ கிளந்தானிலோ இருந்து, நம்மால் நேரில் போக முடியாத நிலையிலும் அப்படியே.

திரும்பி வந்த காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸில் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் அதற்குத் தனிக் குற்றப் பிரிவு உண்டு. இங்கே ஏமாற்றும் நோக்கத்தை நிரூபித்தாலன்றிக் காசோலை திரும்புவது மட்டும் குற்றமாகாது. ஆனால் அந்தக் காசோலை வீணல்ல. அதை ஆதாரமாகக் கொண்டே வழக்குப் போடலாம், 12 மாதத்துக்குள் மூன்று காசோலை திரும்பியவருக்கு வங்கி நடப்புக் கணக்கையே மூட வேண்டிய நிலையும் வரும். அதைச் சுட்டிக்காட்டுவதும், சி.டி.ஓ.எஸ் போன்ற கடன் தகவல் நிறுவனம் ஒன்றின் வழியாக, உரிய முன்னறிவிப்போடு வணிகப் பாக்கியைப் பதிவு செய்வதும், வங்கிக் கடனை நம்பி வளரும் கம்பெனிகளிடம் அமைதியாக வேலை செய்யும் முறைகள்.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1953-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முகவரிடம் கோப்பு இருப்பதால் இந்தக் கடிகாரம் நிற்பதில்லை; வழக்குப் பதிவான அன்றுதான் நிற்கிறது. கடனாளி பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஒரு முகவரிடமிருந்து இன்னொரு முகவருக்கு மாறி மாறி ஐந்தரை ஆண்டு கழிந்த பின் வழக்கறிஞரிடம் வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் காலவரம்புதான் மனைவியின் யோசனைக்கு நம்மைத் திரும்பக் கொண்டுவருகிறது. நேரில் போய்ப் பேசுவதை நம்மவர்கள் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, தேத்தாரே குடித்துவிட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்கவே கூச்சப்பட்டுத் திரும்புவது. மற்றது, நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு வருவது. போகும்போது கணக்கு விவரத்தையும் டி.ஓ. நகல்களையும் எடுத்துக்கொண்டு, கூட்டமில்லாத பிற்பகலில், முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரோடு உட்கார வேண்டும். கணக்கில் ஏதேனும் தவறோ சரக்கில் குறையோ உண்டா என்று முதலில் நாமே கேட்டுவிட வேண்டும். இருந்தால் அன்றே கழித்துக்கொடுத்துவிட வேண்டும். பிறகு மீதித் தொகையைக் கடன் என்று ஒப்புக்கொண்டு, மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு என்று எழுதி, ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே செலுத்தத்தக்கதாகும் என்ற வரியோடு, கம்பெனி சாப்பும் இயக்குநரின் கையெழுத்தும், முடிந்தால் அவருடைய தனிப்பட்ட ஜாமீனும் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு தாள் காலவரம்பைப் புதுப்பிக்கிறது, பின்னால் மறுப்பதற்கான வாயை அடைக்கிறது, ஜாமீன் கிடைத்தால் கம்பெனி என்ற திரைக்குப் பின்னால் ஒளியும் வழியையும் மூடுகிறது. உண்மையிலேயே பணமில்லாமல் தவிப்பவரிடம் இதைவிட அதிகமாக எந்த முகவராலும் எந்த நீதிமன்றத்தாலும் பெற்றுத்தர முடியாது. நிமிர்ந்து எழ அவருக்குக் கொஞ்சம் காற்று கிடைத்தால், நம் பணமும் வரும், வாடிக்கையும் நிற்கும்.

எதுவும் பலிக்காதபோது வாராக்கடன் என்று எழுதிவிடுவதும் ஒரு தேர்வுதான். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், பணத்தைப் பெற நியாயமான முயற்சி எடுத்தோம், இனி வராது என்ற முடிவுக்குத் தக்க காரணத்தோடு வந்தோம் என்று காட்ட வேண்டியிருக்கும். நினைவூட்டல் கடிதங்கள், நோட்டீஸ், முகவர் தந்த அறிக்கை ஆகியவை அப்போது கைகொடுக்கும்; வசூல் நிறுவனத்திடம் ஒவ்வொரு முயற்சிக்கும் தேதியிட்ட எழுத்துமூல அறிக்கை கேட்டு வாங்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி செகாம்புட் கிடங்குக்கு. எஸ்.எஸ்.எம். பதிவில் அந்த உணவகம் செண்டிரியான் பெர்ஹாட் என்றும், கலைப்பு மனு எதுவும் இல்லை என்றும் தெரிகிறது. இரண்டு கிளைகளிலும் மதியத்தில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே பணம் இருக்கிறது. 42,000 என்பதால் நிறுவனச் சட்ட நோட்டீஸ் பொருந்தாது. ஒரே பெரிய பாக்கி, உள்ளூரிலேயே இருக்கும் கடனாளி, சாப் குத்திய டி.ஓ. என்பதால் முகவருக்கு 8,400 ரிங்கிட் கொடுக்கவும் காரணமில்லை. உரிமையாளரின் இடத்தில் நான் இருந்தால், புதிய சரக்கை இன்றிலிருந்து ரொக்கத்துக்கு மட்டும் அனுப்பச் சொல்வேன். இந்த வாரமே ஒப்புதல் தாளோடு நேரில் போவேன். கையெழுத்துக் கிடைக்காவிட்டால், அல்லது முதல் தவணை தவறினால், மறுநாள் காலையில் வழக்கறிஞருக்குக் கோப்பு போகும். 14 நாள் கெடு வைத்த நோட்டீஸுக்கும் பதில் இல்லையென்றால், 15-ஆம் நாள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவாகும். மைத்துனர் கொடுத்த பெயரட்டையை எறிய வேண்டாம். ரவாங்கிலும் சிரம்பானிலும் ஆயிரம், இரண்டாயிரமாகக் கிடக்கும் பழைய பாக்கிகளின் பட்டியலோடு அதைச் சேர்த்து வைத்து, அந்த நிறுவனத்தின் ஒப்பந்தப் படிவத்தை முதலில் வரவழைத்து நிதானமாகப் படிக்கலாம்.